ஆல்கீன் கணக்கில் விடை எங்கே தவறுகிறது? அறிகுறியை வைத்துத் தேடும் வழி

ஆல்கீன், அதாவது இரண்டு கார்பனுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மம். அந்தப் பாடம் படிக்கிற பிள்ளைகளின் நோட்டுகளைப் பல வருடங்களாகத் திருத்தி வருகிறேன். தவறுகள் பார்க்க விதவிதமாக இருக்கும். ஆனால் முக்கால்வாசித் தவறு பிறக்கிற இடம் ஒன்றுதான். இடது பக்கம் ஆல்கீன், நடுவில் ஓர் அம்புக்குறி, வலது பக்கம் மனப்பாடமாக வந்த விளைபொருள். அம்புக்குறி போட்ட அந்த நேரத்தில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போனது, நடுவில் என்ன உருவானது என்பது தாளில் எங்கேயும் இருக்காது. விடை தப்பிப் போவது அந்த வெற்றிடத்தில்தான்.

உங்கள் விடையில் எந்த அறிகுறி தெரிகிறதோ, கீழே அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்திலீனில் இரண்டு கார்பனுக்கும் இடையே இரண்டு பிணைப்புகள் உண்டு. இரண்டும் ஒரே மாதிரி கிடையாது. சிக்மா பிணைப்பு இரு அணுக்களுக்கும் நேர்நடுவே இருக்கிறது. பை பிணைப்பின் எலக்ட்ரான்கள் மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழும் மேகம் போலப் பரவி நிற்கின்றன. இரட்டைப் பிணைப்பின் நீளம் 134 பிகோமீட்டர், ஒற்றைப் பிணைப்புக்கு 154. ஆனால் வலிமை இருமடங்கு ஆவதில்லை. ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும் என்றால், பை பிணைப்பை மட்டும் உடைக்க 270-ஐ ஒட்டித்தான் வேண்டும். எலக்ட்ரான் நிறைந்த, வெளியே தெரிகிற, கொஞ்சம் பலவீனமான பிணைப்பு. எலக்ட்ரான் கவர் பொருள் எது வந்தாலும் முதலில் அங்கேதான் கை வைக்கும்.

அறிகுறி: பெயர் எழுதினால் எண் மாறிப்போகிறது

இது சீக்கிரம் சரியாகிவிடும். 2-மெத்தில்பென்ட்-3-ஈன் என்று எழுதியிருந்தால், கிளைக்கு முதலிடம் கொடுத்து எண்ணியிருக்கிறீர்கள். இரட்டைப் பிணைப்புக்குக் குறைந்த எண் வரும் பக்கத்திலிருந்து எண்ணுங்கள். 4-மெத்தில்பென்ட்-2-ஈன் என்று வரும். கிளையின் எண் பெரிதானால் பரவாயில்லை.

இன்னொரு குழப்பம் நீளமான சங்கிலியைப் பற்றியது. 2-எத்தில்பென்ட்-1-ஈன் மூலக்கூறில் ஆறு கார்பன் சங்கிலி ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் இரட்டைப் பிணைப்பு முழுசாக அடங்காது. பள்ளிப் பாடநூல்கள் சொல்லித்தரும் முறைப்படி, இரட்டைப் பிணைப்பு உள்ள ஐந்து கார்பன் சங்கிலியே தாய்ச் சங்கிலி. வேதிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பான ஐயுபிஏசி 2013-இல் வெளியிட்ட பரிந்துரை நீளத்துக்கே முன்னுரிமை தருகிறது. அதன்படி இதே பொருள் 3-மெத்திலிடீன்ஹெக்சேன். இரண்டு பெயரையும் பார்த்து மிரள வேண்டாம். தேர்வுக்கு உங்கள் பாடநூல் முறையையே எழுதுங்கள்.

அறிகுறி: இல்லாத சிஸ், டிரான்ஸ் மாற்றியத்தை எழுதியிருக்கிறீர்கள், அல்லது ஈ, இசட் தலைகீழாகிவிட்டது

ஒரே மாதிரித் தொகுதிகள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ். இரட்டைப் பிணைப்பின் ஒவ்வொரு கார்பனையும் தனித்தனியாக விரலால் மூடிப் பாருங்கள். மூடாத கார்பனில் இருக்கும் இரண்டு தொகுதிகளும் வேறு வேறாக இருக்கின்றனவா? இரண்டு கார்பனுக்கும் "ஆம்" என்றால்தான் வடிவ மாற்றியம் உண்டு. பியூட்-1-ஈனில் முனைக் கார்பனில் இரண்டும் ஹைட்ரஜன், ஆகவே கிடையாது. 2-மெத்தில்பியூட்-2-ஈனில் ஒரு பக்கம் இரண்டும் மெத்தில், ஆகவே கிடையாது. பியூட்-2-ஈனுக்கு உண்டு.

இந்த மாற்றியம் ஏன் வருகிறது என்று புரியாதவர்கள் பெரும்பாலும் ஒற்றைப் பிணைப்புக்கும் சிஸ், டிரான்ஸ் போட்டுவிடுவார்கள். ஈத்தேன் சுழல மோலுக்கு 12 கிலோஜூல் போதும். அறை வெப்பநிலையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரட்டைப் பிணைப்பைச் சுழற்ற வேண்டுமானால் பை பிணைப்பை உடைத்தாக வேண்டும், அதற்கு 260-க்கு மேல் வேண்டும். அதனால்தான் இரண்டு வடிவங்களும் ஒன்று மற்றொன்றாக மாறாமல் தனித்தனிப் பொருளாகப் புட்டியில் நிற்கின்றன. சமையல் எண்ணெயில் இருக்கும் ஓலியிக் அமிலம் சிஸ். சுமார் 13 டிகிரியில் உருகும். அதே அணுக்கள், அதே வரிசை, வடிவம் மட்டும் டிரான்ஸ் என்றால் அது எலைடிக் அமிலம். சுமார் 45 டிகிரி வரை திடமாக இருக்கும். ஒரு வளைவு நிமிர்ந்ததற்கே இவ்வளவு வித்தியாசம். எண்ணெயை நிக்கல் வைத்து அரைகுறையாக ஹைட்ரஜனேற்றம் செய்தால் ஒரு பகுதி இப்படி டிரான்ஸாக மாறிவிடுகிறது. வனஸ்பதி கெட்டியாவதில் இதற்கும் பங்குண்டு. இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் இப்படி ஆலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்ததும் இந்தப் பிணைப்பு பற்றியதுதான்.

ஈ, இசட் தலைகீழானால், சிஸ் என்றால் இசட், டிரான்ஸ் என்றால் ஈ என்று நேராகப் பெயர்த்திருப்பீர்கள். 2-புரோமோபியூட்-2-ஈனை வரையுங்கள். இரண்டு மெத்திலும் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ் என்று சொல்லத் தோன்றும். ஆனால் முன்னுரிமை அணு எண்ணுக்குத்தான். முதல் கார்பனில் புரோமின் மெத்திலை வெல்கிறது, அடுத்ததில் மெத்தில் ஹைட்ரஜனை வெல்கிறது. வென்ற இரண்டும் ஒரே பக்கம் இருப்பதால் இது இசட். ஜெர்மன் மொழியில் "சூசாமன்" என்றால் சேர்ந்து, "என்ட்கேகன்" என்றால் எதிரே. எழுத்துகள் வந்தது அங்கிருந்துதான்.

அறிகுறி: புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேர்த்து 1-புரோமோபுரோப்பேன் எழுதியிருக்கிறீர்கள்

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். போன வருடம் ஒரு பெண் நோட்டை நீட்டினாள். விளைபொருள் எழுதிய இடத்தில் காகிதமே கிழிகிற அளவுக்கு ரப்பரால் அழித்திருந்தாள். 1-புரோமோ எழுதி, அழித்து, 2-புரோமோ எழுதி, மறுபடி அழித்து 1-புரோமோ. "விதி தெரியும் சார், எந்தப் பக்கம்னுதான் ஞாபகம் வரல" என்றாள். மார்கோனிகாஃப் விதியைச் சொல்லச் சொன்னேன், ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அப்புறம் விளைபொருளை மறந்துவிட்டு, ஹைட்ரஜன் முதலில் எந்தக் கார்பனில் ஒட்டினால் என்ன கிடைக்கும் என்று இரண்டு படம் மட்டும் போடச் சொன்னேன்.

நீங்களும் போடுங்கள். பை எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனைப் பிடிக்கின்றன. ஹைட்ரஜன் நடுக்கார்பனில் ஒட்டினால் நேர்மின்சுமை முனையில் நிற்கும். அது ஓரிணைய கார்பன் நேரயனி, அதாவது சுமை உள்ள கார்பனோடு ஒரே ஒரு கார்பன்தான் சேர்ந்திருக்கிறது. முனையில் ஒட்டினால் சுமை நடுவில் நிற்கும். அது ஈரிணைய அயனி, இரண்டு கார்பன் சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இருக்கும் மெத்தில்கள் எலக்ட்ரானைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அந்தச் சுமையைத் தாங்குகின்றன. எளிதில் உருவாவது எது என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. புரோமைடு அயனி அந்தச் சுமை இருக்கும் இடத்துக்குத்தான் வரும். விடை 2-புரோமோபுரோப்பேன். அந்தப் பெண் இரண்டாவது படத்தை முடிக்கும் முன்பே விடையை எழுதிவிட்டாள்.

ரஷ்ய வேதியியலாளர் மார்கோனிகாஃப் இந்த விதியை வெளியிட்டது 1870-இல். எலக்ட்ரான் என்ற ஒன்றை ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897-இல். ஆக, அந்த விதி சோதனையில் கண்டதைச் சொன்ன ஒரு கவனிப்பு. காரணம் பிறகு வந்தது. காரணம் நம் கையில் இருக்கும்போது விதியின் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. "ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும்" என்ற வாய்ப்பாடு ஸ்டைரீனுக்கும் சரியாக வரும். ஆனால் 3,3,3-டிரைஃபுளோரோபுரோப்பீனில் காலை வாரிவிடும். அங்கே மூன்று ஃபுளோரின்கள் எலக்ட்ரானை இழுக்கின்றன. அவற்றுக்கு அடுத்த கார்பனில் நேர்மின்சுமை நிற்பது மிகவும் சிரமம், அதனால் ஹாலஜன் முனைக்குப் போகிறது. அயனியை வரைகிறவருக்கு இது விதிவிலக்காகவே தெரியாது.

அறிகுறி: பெராக்சைடு என்று கேள்வியில் இருந்தது, விடை எதிர்ப்பக்கம் போய்விட்டது

இரண்டு விதமாக வரும். ஒன்று, பெராக்சைடு என்ற சொல்லைக் கவனிக்காமல் வழக்கமான விடையை எழுதுவது. மற்றொன்று, பெராக்சைடைப் பார்த்ததும் ஹைட்ரஜன் குளோரைடுக்கும் எதிர் மார்கோனிகாஃப் விடை எழுதுவது. இரண்டாவதுதான் அதிகம் மதிப்பெண்ணைத் தின்கிறது.

சிகாகோவில் காரஷும் மேயோவும் 1933-இல் இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். அதுவரை ஒரே வினை ஓர் ஆய்வகத்தில் ஒரு விடையும் இன்னோர் ஆய்வகத்தில் வேறு விடையும் தந்துகொண்டிருந்தது. காற்றில் நின்ற ஆல்கீனில் கொஞ்சம் பெராக்சைடு சேர்ந்திருந்ததே காரணம். பெராக்சைடு இருந்தால் முதலில் ஆல்கீன் மேல் ஏறுவது ஹைட்ரஜன் இல்லை, புரோமின் தனி உறுப்பு, அதாவது ஜோடி சேராத ஓர் எலக்ட்ரானோடு நிற்கும் புரோமின் அணு. அது முனையில் ஒட்டினால் நடுக்கார்பனில் ஈரிணைய தனி உறுப்பு கிடைக்கிறது. பிறகு அது இன்னொரு ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது, சங்கிலி தொடர்கிறது. கவனித்தீர்களா, இங்கேயும் நிலையான இடைநிலையே வெல்கிறது. முதலில் ஏறுகிற ஆள்தான் மாறியிருக்கிறது.

சரி, குளோரைடு ஏன் இப்படிச் செய்வதில்லை? ஹைட்ரஜன்–குளோரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 431 கிலோஜூல், புரோமின் என்றால் 366. குளோரைடிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும் படி திணறுவதால் சங்கிலி ஓடாது. அயோடைடில் பிடுங்குவது எளிது. ஆனால் அயோடின் தனி உறுப்பு ஆல்கீனில் ஏறுவதே ஆற்றலை விழுங்கும் படி. இரண்டு படியும் இலேசாக நடப்பது புரோமைடுக்கு மட்டும்.

அறிகுறி: விடைக் குறிப்பில் கார்பன் எலும்புக்கூடு உங்களுடையதைப் போல இல்லை

3-மெத்தில்பியூட்-1-ஈனுடன் ஹைட்ரஜன் குளோரைடு. நீங்கள் அயனியை வரைந்தீர்கள், ஈரிணையம் வந்தது, 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன் எழுதினீர்கள். தவறில்லை, ஆனால் பாதி. 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேனும் கிடைக்கும், அதுவும் கணிசமாக.

அயனியை வரைந்ததும் பென்சிலைக் கீழே வைக்காமல் பக்கத்துக் கார்பனைப் பாருங்கள். அங்கே ஒரு ஹைட்ரஜன் இருந்து, அது தன் இரண்டு எலக்ட்ரானோடு இந்தப் பக்கம் தாவினால் சுமை மூவிணைய கார்பனுக்குப் போகுமா? போகும் என்றால் தாவும். ஹைட்ரஜன் இல்லாத இடத்தில், உதாரணமாக 3,3-டைமெத்தில்பியூட்-1-ஈனில், மெத்தில் தாவும். அப்போதுதான் எலும்புக்கூடே மாறுகிறது. ஓரிணையத்திலிருந்து ஈரிணையம், ஈரிணையத்திலிருந்து மூவிணையம் என்று மேலே ஏறும் தாவல் மட்டும்தான், கீழே இறங்காது. தனி உறுப்பு வழியிலும், கீழே ஆல்கஹால் தலைப்பில் வரும் போரேன் வழியிலும் (ஹைட்ரோபோரோனேற்றம்) கார்பன் நேரயனி உருவாவதில்லை. ஆகவே அங்கே இந்தத் தாவலை எழுதாதீர்கள்.

அறிகுறி: புரோமின் சேர்த்த விளைபொருளில் இரண்டு புரோமினும் ஒரே பக்கம், அல்லது தண்ணீர் இருந்தும் டைபுரோமைடு மட்டுமே எழுதினீர்கள்

வளையஹெக்சீனுடன் புரோமின் சேர்ந்தால் டிரான்ஸ்-1,2-டைபுரோமோ வளையஹெக்சேன்தான் கிடைக்கும். சிஸ் எழுதியிருந்தால், புரோமின் மூலக்கூறு அப்படியே இரட்டைப் பிணைப்பின் மேல் உட்கார்ந்து இரண்டாகப் பிரிந்ததாக நினைத்திருக்கிறீர்கள். நடப்பது வேறு. பை மேகத்தின் அருகே வந்ததும் புரோமின் மூலக்கூறில் எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் ஒதுங்குகின்றன. ஒரு புரோமின் இரண்டு கார்பனையும் ஒன்றாகப் பிடித்து மூன்று உறுப்பு வளையமாகிறது. இதுதான் புரோமோனியம் அயனி. 1937-இல் ராபர்ட்ஸும் கிம்பலும் முன்வைத்தது. மேல்பக்கத்தை அந்தப் புரோமின் அடைத்துக்கொண்டது. மிச்சமிருக்கும் புரோமைடு அயனிக்குத் திறந்திருப்பது கீழ்ப்பக்கம் ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொண்டால் பியூட்-2-ஈன் கேள்வியும் தானாக விழும். டிரான்ஸிலிருந்து மீசோ வடிவம் (தன் ஆடிப் பிம்பத்தோடு ஒத்துப்போகும் ஒரே பொருள்), சிஸ்ஸிலிருந்து சுழிமாய்க் கலவை (ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரண்டும் சமமாகக் கலந்தது). நம்ப முடியவில்லை என்றால் பல்குத்தியும் கடலை உருண்டையும் வைத்து மாதிரி செய்து பாருங்கள். நான் இன்றும் வகுப்பில் அப்படித்தான் காட்டுகிறேன். பலகையில் போடும் எந்தப் படமும் அந்த அளவுக்குப் புரியவைப்பதில்லை.

இப்போது தண்ணீர். புரோமோனியம் அயனி உருவானதும் அதைத் தாக்கப் புரோமைடு மட்டும்தான் காத்திருக்கிறதா? ஒரு லிட்டர் தண்ணீரில் 55 மோலுக்கு மேல் தண்ணீர் மூலக்கூறு இருக்கிறது. எண்ணிக்கையில் புரோமைடு எம்மாத்திரம்! ஆகவே புரோப்பீனைப் புரோமின் நீரில் விட்டால் பெரும்பகுதி 1-புரோமோபுரோப்பான்-2-ஆல். தண்ணீர் நடுக்கார்பனில் தாக்குவதற்குக் காரணம், வளையத்தில் நேர்மின்சுமையின் பெரிய பங்கு அங்கே இருப்பதுதான்.

இரண்டு படியாக நடக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. சாதாரண உப்புக் கரைசலில் எத்திலீனைப் புரோமினோடு வினைபுரிய விட்டால் 1-புரோமோ-2-குளோரோஈத்தேனும் கிடைக்கிறது. உப்புக் கரைசல் மட்டும் எத்திலீனைத் தொடாது, 1,2-டைகுளோரோஈத்தேனும் உருவாவதில்லை. அப்படியானால் முதலில் புரோமின் ஏறி ஓர் அயனி உருவான பிறகுதான் குளோரைடு உள்ளே நுழைந்திருக்க முடியும்.

விளைபொருளில் இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்கிறது, பக்கத்துக் கார்பனில் ஹாலஜன் வந்திருக்கிறது என்றால் கேள்வியில் உள்ள நிபந்தனையை மறுபடி வாசியுங்கள். அதிக வெப்பம், அல்லது என்-புரோமோசக்சினிமைடும் ஒளியும் இருந்தால் அது அல்லைல் இடத்தில் நடக்கும் பதிலீடு. புரோப்பீனும் குளோரினும் சுமார் 500 டிகிரியில் அல்லைல் குளோரைடு தருவது இந்த வகை.

அறிகுறி: ஆல்கஹால் தொகுதி தவறான கார்பனில்

நீர்த்த அமிலம் என்றால் கார்பன் நேரயனி வழி: புரோப்பீனிலிருந்து புரோப்பான்-2-ஆல். முதலில் போரேன், பிறகு காரத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடு என்றால் புரோப்பான்-1-ஆல். இந்தப் பெராக்சைடைப் பார்த்துக் காரஷ் விளைவு என்று எழுதுகிறார்கள், தொடர்பே இல்லை. இங்கே போரானும் ஹைட்ரஜனும் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்திலிருந்து ஏறுகின்றன. போரான் நெரிசல் குறைந்த கார்பனை எடுத்துக்கொள்கிறது. 1-மெத்தில்வளையஹெக்சீன் டிரான்ஸ்-2-மெத்தில்வளையஹெக்சனால் தருவது இதனால்தான். ஹெர்பர்ட் பிரவுனுக்கு 1979-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தவை போரான் சேர்மங்கள்.

அறிகுறி: ஓசோனேற்றத்தில் கார்பன் எண்ணிக்கை உதைக்கிறது

ஓசோன் இரட்டைப் பிணைப்பை வெட்டி, வெட்டிய இரண்டு கார்பனிலும் ஆக்சிஜனை வைக்கிறது. விளைபொருள்களின் கார்பனைக் கூட்டிப் பாருங்கள், ஆல்கீனில் இருந்ததுக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் வளைய ஆல்கீனை இரண்டு துண்டாக்கியிருப்பீர்கள். வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் ஒரே நீளச் சங்கிலிதானே கிடைக்கும்? வளையஹெக்சீன் ஆறு கார்பனோடு ஹெக்சேன்டையல் தரும். கார்பன்களுக்கு 1 முதல் 6 வரை எண் போட்டுவிட்டு வெட்டுங்கள், ஒன்றும் தொலையாது.

தலைகீழ்க் கேள்வி இன்னும் எளிது. அசிட்டோனும் அசிட்டால்டிஹைடும் கிடைத்தன என்றால் இரண்டின் ஆக்சிஜனையும் அழித்துவிட்டு அந்தக் கார்பன்களை இரட்டைக் கோட்டால் சேருங்கள்: 2-மெத்தில்பியூட்-2-ஈன். துத்தநாகமும் நீரும் இருந்தால் ஆல்டிஹைடு ஆல்டிஹைடாகவே நிற்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டிருந்தால் கார்பாக்சிலிக் அமிலமாகிவிடும். சூடான பெர்மாங்கனேட்டில் முனையின் இரண்டு ஹைட்ரஜன் கொண்ட கார்பன் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும், அந்த ஒரு கார்பனைக் கணக்கில் தேடாதீர்கள். குளிர்ந்த, நீர்த்த, காரப் பெர்மாங்கனேட் என்றால் சங்கிலி வெட்டுப்படாது. ஒரே பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் ஏறும்.

அறிகுறி: சோதனைக் குழாயில் நிறம் போகவில்லை, அல்லது போகக் கூடாததற்குப் போனது

இரட்டைப் பிணைப்பு இருந்தால் பெர்மாங்கனேட்டின் ஊதாவும் புரோமின் நீரின் ஆரஞ்சும் போக வேண்டும், அதுதான் சோதனை. செய்முறைத் தேர்வில் இரட்டைப் பிணைப்பு உள்ள சின்னமிக் அமிலம் வந்து, நிறைவுறாத் தன்மை இல்லை என்று எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் உண்டு. அந்த வெள்ளைத் தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் உட்கார்ந்திருக்கும். மேலே பெர்மாங்கனேட்டை ஊற்றினால் ஊதா ஊதாவாகவே நிற்கும். முதலில் சோடியம் கார்பனேட் கரைசலில் நுரை அடங்கும்வரை குலுக்கிக் கரைத்துவிட்டு, நீர்த்த பெர்மாங்கனேட்டைத் துளித் துளியாக விடுங்கள். ஊதா போய்ப் பழுப்பாக ஒரு வீழ்படிவு தெரிய வேண்டும். அது மாங்கனீசு டை ஆக்சைடு. நிறம் வெளுத்தது மட்டும் தெரிந்து பழுப்பு வரவில்லை என்றால், நீர்த்துப்போனதை வினை என்று எண்ணியிருக்கலாம். பக்கத்தில் பொருள் போடாத ஒரு குழாயில் அதே அளவு துளி விட்டு ஒப்பிடுங்கள். வளையஹெக்சீன் போன்ற திரவம் என்றால் தண்ணீரோடு கலக்காமல் மேலே மிதக்கும். தக்கை போட்டு நன்றாகக் குலுக்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

புரோமின் நீரில் சின்னமிக் அமிலம் மெதுவாகத்தான் நிறம் போக்கும். கார்பாக்சில் தொகுதி இரட்டைப் பிணைப்பிலிருந்து எலக்ட்ரானை இழுப்பதால் அதற்குப் பசி குறைவு. பொறுமையாக நில்லுங்கள்.

நிறம் போய், கூடவே வெள்ளை வீழ்படிவும் வந்தால் கையில் இருப்பது பீனாலோ அனிலீனோ ஆக இருக்கலாம். அங்கே நடப்பது வளையத்தில் பதிலீடு. ஆல்டிஹைடும் பெர்மாங்கனேட்டை நிறமிழக்கச் செய்யும், ஆகவே அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து ஆல்கீன் என்று எழுத வேண்டாம். இரண்டு சோதனையையும் செய்யுங்கள். புரோமின் நீர்ப் புட்டியை மூக்கருகே கொண்டுபோகாமல் புகைபோக்கி அறைக்குள்ளேயே திறங்கள். திறந்ததும் நிறத்தைப் பாருங்கள்: ஆரஞ்சு வெளுத்து இளமஞ்சளாகியிருந்தால் அந்தக் கரைசல் பழையது, புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.